ஆண்டுக்கு 100 மி.மீ மழைதான்... லடாக் மலைப் பாலைவனத்தில் நிலத்தடி நீரைக் கண்டுபிடிப்பது எப்படி?

லே-லடாக் பைக் ட்ரிப்! உங்க ஃப்ரெண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வருஷத்துக்கு ஒரு முறையாவது இந்த பிளான் வந்து போகும். என்ன பைக், எந்த ரூட், பாங்காங் ஏரியில் எத்தனை நாள்... எல்லாம் பேசுவோம். ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 11,500 அடி உயரத்தில், புல்கூட முளைக்காத மலைகளுக்கு நடுவில் இருக்கும் லே நகரத்தில் ரூம் போட்டு, குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுதே... அது எங்கிருந்து வருது?

மழையிலிருந்து என்று சட்டெனச் சொல்லிவிட முடியாது. சென்னையில் ஓர் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ மழை பெய்கிறது. லே நகரத்தில் மழை, பனி எல்லாம் சேர்த்தே சுமார் 100 மி.மீதான். ராஜஸ்தான் பாலைவனத்தில் இருக்கும் ஜெய்சால்மருக்குக்கூட இதைவிட அதிக மழை உண்டு. சிந்து நதி ஓடுகிறதே என்றால், அது நகரத்துக்குக் கீழே பள்ளத்தாக்கின் அடியில் ஓடுகிறது. நகரமோ மேலே சரிவில் இருக்கிறது.

லே நகரத்துக் குழாய்களில் வரும் தண்ணீரில் பெரும்பகுதி நிலத்துக்கு அடியிலிருந்துதான் வருகிறது. காய்ந்த கல்லும் மணலும் மட்டுமே தெரியும் இடத்தில், 'இங்கே தோண்டு' என்று காட்டுவது யார்? அதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். நீர்நிலவியலாளர்கள். நிலத்துக்கு அடியில் தண்ணீர் எங்கே இருக்கிறது, எப்படி நகர்கிறது, எவ்வளவு எடுக்கலாம் என்பதைப் படிப்பதுதான் அவர்கள் வேலை. உயரமான மலைப் பாலைவனத்தில் அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

இவ்வளவு பனி இருந்தும் ஏன் பாலைவனம்?

தென்மேற்குப் பருவமழை மேகங்கள் இமயமலையின் தெற்குப் பக்கச் சரிவில் மோதி, கையிருப்பை எல்லாம் அங்கேயே கொட்டிவிடுகின்றன. மலையைத் தாண்டி வடக்கே இருக்கும் லடாக்குக்கு வருவது மிச்சம் மீதிதான். இதைத்தான் பள்ளிக்கூடத்தில் 'மழை மறைவுப் பிரதேசம்' என்று படித்தோம். கூடவே கடும் வெயில், வறண்ட காற்று, குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரி வரை போகும் குளிர். அதனால்தான் லடாக்கை 'குளிர் பாலைவனம்' என்கிறார்கள்.

ஆனாலும் அங்கே மக்கள் பல நூற்றாண்டுகளாக பார்லி விதைத்து, ஆப்ரிகாட் வளர்த்து வாழ்ந்திருக்கிறார்கள். மேலே மலையில் பனி உருகி ஓடைகளாக இறங்கும். அதை 'யூரா' என்ற வாய்க்கால்கள் வழியாக வயலுக்குத் திருப்புவார்கள். 'சிங்' என்ற சிறு குளங்களில் தேக்குவார்கள். யாருக்கு எந்த நேரத்தில் தண்ணீர் என்பதை முறைப்படுத்த ஊருக்கு ஊர் 'சுர்போன்' என்ற நீர் நிர்வாகி இருப்பார். நம்ம ஊர் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி மாதிரி.

ஊற்றுக்கு அவர்கள் மொழியில் பெயர் 'சுமிக்'. 'சு' என்றால் தண்ணீர், 'மிக்' என்றால் கண். நாம் 'ஊற்றுக்கண்' என்கிறோமே, அதேதான்! நமக்கும் அவர்களுக்கும் நடுவில் மூவாயிரம் கிலோமீட்டர் தூரம் இருந்தாலும், நிலத்திலிருந்து நீர் கசியும் இடத்தைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் கண்தான் ஞாபகம் வந்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. பார்லி விதைப்புக்கு ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் வேண்டும். உயரத்தில் இருக்கும் பனியாறுகளோ ஜூன், ஜூலையில்தான் நன்றாக உருக ஆரம்பிக்கும். இந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான் பொறியாளர் செவாங் நோர்பெல், குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடைநீரைத் திருப்பி, தேக்கி, உறைய வைத்து செயற்கைப் பனியாறுகளை உருவாக்கினார். 2015-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. 2013-14 குளிர்காலத்தில் சோனம் வாங்சுக் குழு, அதே நீரைக் கூம்பு வடிவத்தில் உறைய வைக்கும் 'ஐஸ் ஸ்தூபா'வைச் செய்து பார்த்தது. அந்த போட்டோக்களை நீங்கள் இன்ஸ்டாவில் பார்த்திருப்பீர்கள்.

இவை எல்லாமே நிலத்தின் மேலே இருக்கும் தண்ணீரைப் பற்றியவை. நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாதது. அதைத் தேட, முதலில் அந்த மலையின் பழைய கதை தெரிந்திருக்க வேண்டும்.

மலைக்குள் தண்ணீர் எங்கே ஒளிந்திருக்கும்?

'நிலத்தடி நீர்' என்றதும் பலர் மனதில் வருவது, பூமிக்கு அடியில் ஓடும் ஒரு ஆறு. 'நீரோட்டம் பார்க்கிறேன்' என்று தேங்காயோ வேப்பங்குச்சியோ வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடப்பவர்கள் தேடுவதும் அதைத்தான். உண்மையில் பெரும்பாலான இடங்களில் அப்படி ஓர் ஆறு கிடையாது. ஒரு டம்ளர் நிறைய ஜல்லியைப் போட்டு அதில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். டம்ளர் 'ஃபுல்'லாகத்தான் இருந்தது, ஆனாலும் தண்ணீர் உள்ளே போகும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் அது நிற்கும். நிலத்தடி நீர் என்பது பெரும்பாலும் இதுதான். இப்படி நீரைத் தேக்கி, எடுக்கும்போது விட்டும் கொடுக்கிற அடுக்குக்கு 'நீர்த்தாங்கி' என்று பெயர்.

விட்டுக்கொடுப்பது இங்கே முக்கியம். களிமண்ணிலும் நிறையத் தண்ணீர் இருக்கும். ஆனால், அதன் துளைகள் ரொம்பச் சின்னவை. கஞ்சன் கையில் இருக்கும் காசு மாதிரி, இருக்கும், வெளியே வராது. கூழாங்கல்லும் பருமணலும்தான் தாராளமாகக் கொடுக்கும். ஆக, தேட வேண்டியது தண்ணீரை மட்டுமல்ல, அதை விட்டுக்கொடுக்கும் அடுக்கையும் சேர்த்துத்தான்.

லடாக்கில் அந்த அடுக்குகள் எப்படி உருவாயின? சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசிய நிலத்தட்டோடு மோதியது. நடுவில் இருந்த கடல் மறைந்து மலைகள் எழும்பின. லே நகரத்துக்கு வடக்கே நிற்கும் மலைத்தொடர், கிரானைட் வகைப் பாறைகளால் ஆனது. பிறகு பனியுகக் காலங்களில் பனியாறுகள் இந்த மலைகளைச் சுரண்டி, அரைத்து, கல்லையும் மணலையும் பள்ளத்தாக்குகளில் கொட்டின. இன்று நிலவியலாளர் தேடுவது அந்தக் குவியல்களைத்தான். முக்கியமாக ஐந்து இடங்கள்:

* வண்டல் விசிறிகள்: குறுகிய மலை இடுக்கிலிருந்து வெளியே வரும் ஓடை, வேகம் குறைந்ததும் கொண்டுவந்த கல், மணலை விசிறி மாதிரி பரப்பிவிடும். லே நகரமே இப்படி ஒரு படிவின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மேலே இறங்கும் ஓடைநீரில் ஒரு பகுதி இந்தக் கற்களுக்குள் புகுந்து, கீழ் விளிம்பில் ஊற்றாக எட்டிப் பார்க்கும்.

* பனியாறு விட்டுச்சென்ற கற்குவியல்கள்: இவற்றை மொரைன் என்பார்கள். பாறாங்கல் முதல் மாவு போன்ற தூள் வரை எல்லாம் கலந்து கிடக்கும். தூள் குறைவாக இருந்தால் தண்ணீர் கிடைக்கும், அதிகமாக இருந்தால் ஏமாற்றிவிடும்.

* ஆற்றுத் திட்டுகளும் பழைய ஆற்றுப் பாதைகளும்: ஆறு இன்று வேறு பக்கம் ஓடினாலும், முன்பு ஓடிய பாதையில் கூழாங்கற்கள் புதைந்து கிடக்கும். அவற்றுக்குள் நீர் இன்னமும் நகர்ந்துகொண்டிருக்கலாம்.

* பாறை வெடிப்புகள்: கிரானைட்டுக்கு உள்ளே துளைகள் கிடையாது. ஆனால், மலைகள் மோதி எழும்பியபோது விழுந்த விரிசல்கள் உண்டு. அந்த விரிசல் ஒன்றில் துளை விழுந்தால் தண்ணீர். ரெண்டு அடி தள்ளி விழுந்தால் வெறும் புழுதி.

* பழங்கால ஏரிகள்: மலைச்சரிவோ பனியாறோ ஆற்றை அடைத்ததால் உருவான ஏரிகள், பின்னாளில் வற்றிப் போய்விட்டன. லாமாயுருவில் எல்லோரும் செல்ஃபி எடுக்கும் 'மூன்லேண்ட்' மஞ்சள் மண் மேடுகள், அப்படி ஒரு ஏரியின் அடியில் படிந்த வண்டல்தான். வண்டல் நீரைச் சுலபமாக விடாது. ஆனால், அதற்கு இடையிலோ அடியிலோ மணல், கூழாங்கல் அடுக்கு சிக்கினால் அது பொக்கிஷம்.

தேடல் எப்படி நடக்கிறது?

முதல் வேலை, கம்ப்யூட்டர் முன்னால். செயற்கைக்கோள் படங்களையும் நிலவரைபடங்களையும் வைத்து, விரிசல்கள் எந்தத் திசையில் போகின்றன, விசிறிகள் எங்கே விரிகின்றன, எந்தச் சரிவில் பனி அதிக நாள் தங்குகிறது என்று பார்ப்பார்கள். மேலே எவ்வளவு பரப்பில் விழும் பனி, உருகி இந்த இடத்துக்கு வந்து சேரும் என்று கணக்குப் போடுவார்கள். வரவு இல்லாத இடத்தில் தோண்டிப் பயனில்லை இல்லையா?

ரெண்டாவது, நடை. இதற்கு மாற்றே கிடையாது. வறண்ட மலையில் நீர் தன்னைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் சில உண்டு. சுற்றிலும் ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு கோடு போட்டதுபோல வில்லோ மரங்களோ சீபக்தார்ன் புதர்களோ நின்றால், அடியில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். பல ஊற்றுகள் ஒரே உயரத்தில் வரிசையாகக் கசிந்தால், அந்த மட்டத்தில் நீர் புகாத ஓர் அடுக்கு இருக்கலாம். தரையில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தால், நீர் மேலே வந்து ஆவியாகிறது. ஆனால், அது குடிக்க ஏற்றதா என்ற சந்தேகமும் கூடவே வரும்.

குளிர்காலத்தில் இன்னொரு தடயம் கிடைக்கும். ஓடைகள் எல்லாம் உறைந்து நின்றுவிட்ட பிறகும், சில இடங்களில் மட்டும் பனிக்கட்டிப் படலம் நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போகும். அப்படியென்றால் அடியிலிருந்து யாரோ தண்ணீர் சப்ளை செய்துகொண்டிருக்கிறார்கள்! லே போன்ற இடங்களில் சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே போய்விட்டால், ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பநிலைதான். வெளியே மைனஸ் 20 இருந்தாலும் உள்ளே இருக்கும் நீர் உறையாது. மலைப் பாலைவனத்தில் நிலத்தடி நீருக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதற்கு இதுவும் முக்கியக் காரணம். ஓடை உறையும் ஜனவரியிலும் அது கிடைக்கும்.

மூன்றாவது, மின்தடைச் சோதனை. தரையில் நேர்கோட்டில் நான்கு கம்பிகளை அடிப்பார்கள். வெளிப்புறம் இருக்கும் ரெண்டு கம்பிகள் வழியாக மின்சாரம் உள்ளே போகும். உள்புறம் இருக்கும் ரெண்டு கம்பிகள் மின்னழுத்தத்தை அளக்கும். வெளிக்கம்பிகளைத் தள்ளித் தள்ளி வைக்க வைக்க, மின்சாரம் இன்னும் ஆழமாக இறங்கும். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் இந்த உத்தியை 1912 வாக்கில் பிரான்ஸில் செய்து காட்டியவர் கோன்ராட் ஷ்லம்பர்ஜர். கம்பிகளை அமைக்கும் ஒரு முறைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

காய்ந்த கல் மின்சாரத்தைத் தடுக்கும். நீர் நிறைந்த மணல் ஓரளவு விடும். கேட்க ஈஸியாக இருக்கிறது. ஆனால், மலைப் பாலைவனத்தில் ரெண்டு பொய்சாட்சிகள் உண்டு. ஒன்று, உறைந்த நிலம். உள்ளே பனிக்கட்டியாக நீர் இருந்தாலும், கருவிக்கு அது காய்ந்த பாறை மாதிரியே தெரியும். இன்னொன்று, உப்புக் களிமண். மின்சாரத்தைச் சுலபமாகக் கடத்துவதால், 'இங்கே தண்ணீர் இருக்கு' என்று ஆசை காட்டும். உள்ளே போனால் ஒரு குடம்கூடத் தேறாது. தரை அவ்வளவு வறட்சியாக இருப்பதால், கம்பியைச் சுற்றி உப்புத்தண்ணீர் ஊற்றினால்தான் மின்சாரமே உள்ளே இறங்கும் என்ற நிலையும் உண்டு. ஆகவே கருவி சொல்வதை மட்டும் நம்பி யாரும் தோண்டச் சொல்வதில்லை. படம் சொல்வது, நடையில் பார்த்தது, கருவி காட்டுவது மூன்றும் ஒத்துப்போகும் இடத்தில்தான் புள்ளி வைப்பார்கள்.

புள்ளி வைத்தாச்சு... துளை போடுவது?

திருச்செங்கோடு போர்வெல் வண்டிகள் இந்தியா முழுக்கச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்ரஸர் காற்றின் வேகத்தில் சுத்தியல் பாறையை உடைக்கும், அதே காற்று உடைந்த தூளை வெளியே தள்ளும். மலைப் பாலைவனத்திலும் பெரும்பாலும் இதே தொழில்நுட்பம்தான். ஆனால், அங்கே காற்றே குறைவு. லே உயரத்தில் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 16,000 அடிக்கு மேலே போனால் ஏறக்குறைய பாதி. நமக்கு மூச்சு வாங்குவது போலவே டீசல் இன்ஜினுக்கும் வாங்கும். கம்ப்ரஸரின் பலமும் குறையும்.

அடுத்தது, உருளும் கற்கள். கெட்டிப் பாறையில் துளை போட்டால் துளை நிற்கும். கல்லும் மணலும் கலந்த குவியலில், பிட்டை வெளியே எடுத்ததுமே பக்கச்சுவர் சரிந்து துளை மூடிக்கொள்ளும். அதனால், துளை போடப் போடவே கூடவே கேஸிங் பைப்பையும் இறக்கிக்கொண்டு போக வேண்டும். நீர் உள்ள ஆழத்தில் துளையிட்ட பைப், அதற்கு மேலே சாதாரண பைப். வெளியே இருந்து பைப் வரை போகும் குழாய்களை, உறைபனி இறங்காத ஆழத்தில் புதைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் குளிரிலேயே வெடித்துவிடும். இவ்வளவையும் கணவாய்கள் திறந்திருக்கும் சில மாதங்களுக்குள் முடிக்க வேண்டும்.

எல்லையில் ஒரு குடம் தண்ணீர்

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் தேட வேண்டும்? லடாக்கின் உயரமான எல்லைச்சாவடிகளில் இருக்கும் வீரர்களை நினைத்துப் பாருங்கள். கோடையில் டேங்கர் லாரி வரும். குளிர்காலத்தில் ஓடை உறைந்துவிடும். பல இடங்களில் மண்ணெண்ணெய் அடுப்பில் பனியை உருக்கித்தான் குடிக்க வேண்டும். அந்த மண்ணெண்ணெயையும் மலை ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். சாவடிக்குப் பக்கத்திலேயே ஒரு போர்வெல் அமைந்தால் எவ்வளவு எரிபொருள், எவ்வளவு உழைப்பு மிச்சம்!

இந்த வேலையில் அதிகம் பேசப்படும் பெயர், இமாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த நிலவியலாளர் ரிதேஷ் ஆர்யா. லடாக்கின் உயரமான பகுதிகளில் ராணுவத்துக்காகப் பல ஆண்டுகளாக நிலத்தடி நீர் தேடி வருபவர். 2020-ம் ஆண்டு கிழக்கு லடாக்கில் படைகள் குவிக்கப்பட்டிருந்த சமயத்தில், காரகோரம் கணவாய்க்குத் தெற்கே தௌலத் பேக் ஓல்டியில் அவர் உதவியோடு ராணுவம் தண்ணீர் தேடும் முயற்சியில் இறங்கியது. 16,000 அடிக்கும் மேலே இருக்கும் இடம் அது. தேடியது எங்கே தெரியுமா? சுமார் 10,000 ஆண்டுகள் பழைமையான ஓர் ஏரி இருந்து மறைந்த படுகையில். ஏரி போனாலும் அதன் வடிவமும் அடுக்குகளும் அங்கேதான் இருக்கும் என்பது, மேலே பார்த்த ஐந்தாவது வகையின் கணக்கு.

கிடைச்சாச்சு... எவ்வளவு எடுக்கலாம்?

துளையிலிருந்து தண்ணீர் பீறிடும்போது எல்லோரும் கைதட்டுவார்கள், வீடியோ எடுப்பார்கள். நீர்நிலவியலாளரின் வேலை அப்போது பாதிதான் முடிந்திருக்கும். அடுத்து, பம்பிங் சோதனை. பம்பை மணிக்கணக்கில் தொடர்ந்து ஓட்டி, கிணற்றில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று குறிப்பார்கள். பிறகு பம்பை நிறுத்தி, மட்டம் எவ்வளவு நேரத்தில் பழைய இடத்துக்கு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். இறங்கி, சீக்கிரம் ஏறினால் நல்ல வரவு உள்ள கிணறு. ஏறவே திணறினால், நாம் எடுத்தது சேமிப்பை.

நீரின் வயதையும் ஊரையும்கூடக் கேட்கலாம். உயரத்தில், கடுங்குளிரில் விழும் பனியில், கனமான ஆக்ஸிஜன், ஹைட்ரஜன் அணுக்கள் கொஞ்சம் குறைவாக இருக்கும். கிணற்று நீரில் அந்த விகிதத்தை அளந்தால், அது எவ்வளவு உயரத்தில் விழுந்த பனி என்று ஊகிக்கலாம். 1950, 60-களின் அணுகுண்டு சோதனைகளால் வளிமண்டலத்தில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் அதிகரித்தது. அதன் அளவை வைத்து, நீர் அந்தக் காலத்துக்குப் பிறகு நிலத்துக்குள் இறங்கியதா, அதற்கு முந்தையதா என்று கணிக்கலாம். சமீபத்திய நீர் என்றால் வரவு தொடர்கிறது. ரொம்பப் பழைய நீர் என்றால், தாத்தா சேர்த்து வைத்த பணத்தை எடுத்துச் செலவு செய்கிறோம்.

இந்தக் கணக்குதான் இன்று லே நகரத்துக்கு உயிர்ப்பிரச்னை. 1974-ல்தான் லடாக் சுற்றுலாவுக்குத் திறந்துவிடப்பட்டது. இப்போது ஓர் ஆண்டில் 5 லட்சம் பேர்வரை வந்து போகிறார்கள். லடாக் வீடுகளில் பாரம்பரியமாக இருப்பது உலர் கழிப்பறை. தண்ணீரே தேவையில்லை, மண்ணும் சாம்பலும் போட்டால் போதும், பிறகு அது வயலுக்கு உரம். நாம் போனதும் ஃப்ளஷ் டாய்லெட் வந்தது, ஷவர் வந்தது, தினமும் துவைக்க வேண்டிய பெட்ஷீட் வந்தது. அதற்காக ஹோட்டல்களும் கெஸ்ட் ஹவுஸ்களும் சொந்தமாக போர்வெல் போட்டுக்கொண்டன.

எடுக்கிற நேரத்தையும் கவனியுங்கள். டூரிஸ்ட் சீஸனும் பயிர்க்காலமும் ஒரே மாதங்களில் வருகின்றன. மேலே ஒருவர் போர்வெல்லில் உறிஞ்சினால், கீழே விசிறியின் விளிம்பில் இருக்கும் ஊற்றில் கசிவு குறையலாம். ரெண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே நீர்த்தாங்கி. அந்த ஊற்றை நம்பி ஒரு பார்லி வயல் இருக்கும். வாய்க்கால் தண்ணீரைப் பிரித்துக் கொடுக்க சுர்போன் இருந்தார். போர்வெல் தண்ணீரைப் பிரித்துக் கொடுக்க அப்படி ஊர் கூடி வைத்த ஆள் கிடையாது.

போதாததுக்கு, கழிவுநீர். லே நகரத்தின் அடியில் இருப்பது கல்லும் மணலும். கழிவுநீரைக் குழிக்குள் விட்டால், அதே இடைவெளிகள் வழியாக அது நிலத்தடி நீரோடு போய்க் கலக்கும். தண்ணீரைத் தாராளமாகக் கொடுக்கும் நிலம், அழுக்கையும் அதே தாராளத்தோடு உள்ளே விடும்.

எல்லாவற்றுக்கும் மேலே, வரவு தருவது பனி. இமயமலையின் பனியாறுகள் சுருங்கிக்கொண்டிருக்கின்றன. பனி குறைந்தால் ஓடை குறையும், ஓடை குறைந்தால் கற்களுக்குள் இறங்கும் நீரும் குறையும். நோர்பெலின் செயற்கைப் பனியாறுகளுக்கும் ஐஸ் ஸ்தூபாக்களுக்கும் இங்கே இன்னொரு பயனும் உண்டு. அவை வசந்தத்தில் மெதுவாக உருகும்போது, ஒரு பகுதி நீர் நிலத்துக்குள் இறங்கும்.

ஒரு நல்ல நீர்நிலவியலாளரின் அறிக்கையில் ரெண்டு தகவல்கள் இருக்கும். எங்கே தோண்டலாம் என்பது ஒன்று. ஒரு நாளைக்கு எவ்வளவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது இன்னொன்று. தோண்டியவர்கள் பெரும்பாலும் முதல் தகவலோடு பக்கத்தை மூடிவிடுகிறார்கள். மலைப் பாலைவனத்தில் ஒரு கிணறு எத்தனை வருஷம் வாழும் என்பதை முடிவு செய்வது ரெண்டாவது தகவல்தான்.

லடாக் போறீங்களா? இதைக் கவனிங்க

* உலர் கழிப்பறை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு ஃப்ளஷ்ஷும் நிலத்தடி நீர்தான்.

* ஷவருக்குப் பதில் அரை பக்கெட் போதும். அந்தக் குளிரில் தினமும் குளிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

* டவல், பெட்ஷீட்டை தினமும் மாற்ற வேண்டாம் என்று ரூமில் சொல்லிவிடுங்கள்.

* சொந்த பாட்டில் கொண்டுபோங்கள். கொதிக்க வைத்த அல்லது வடிகட்டிய நீரை நிரப்பித் தரும் இடங்கள் லே நகரத்தில் இருக்கின்றன.

* ஓடையிலோ ஊற்றிலோ சோப்பு போட்டுக் குளிப்பது, பைக் கழுவுவது கூடவே கூடாது. அது கீழே இருப்பவர்களின் குடிநீர்.

நீங்களும் நீர்நிலவியலாளர் ஆகலாம்!

மலை ஏறப் பிடிக்கும், அறிவியலும் பிடிக்கும் என்பவர்களுக்கு இது அட்டகாசமான துறை. சென்னை மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நிலவியல் சார்ந்த படிப்புகள் இருக்கின்றன. முதுநிலை முடித்தவர்கள் யு.பி.எஸ்.சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வை எழுதலாம். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுப்பது இந்தத் தேர்வு வழியாகத்தான். நீர்நிலவியலாளர் பணிக்குத் தனியாக ஒரு தாளே உண்டு.

வேலை கிடைத்தபின் நீங்கள் வைக்கும் ஒரு புள்ளியால், ஒரு சாவடியில் பனியை உருக்க மண்ணெண்ணெய் எரிக்கும் வேலை இல்லாமல் போகலாம். நீங்கள் எழுதும் ஓர் எண்ணால், எங்கோ சரிவின் அடியில் இருக்கும் ஒரு சுமிக் வற்றாமல் இருக்கலாம். அந்த எண்ணையும் மறக்காமல் தடித்த எழுத்தில் எழுதுங்கள்.